கூரைக் கறையும் மூச்சுத் திணறலும்

தை பிறப்பதற்கு முந்தைய வாரங்களில் மேட்டுப்பாளையத்திலும், சுற்றியுள்ள காரமடை, சிறுமுகை, தேக்கம்பட்டி முதலிய ஊர்களிலும் வெள்ளையடிப்பு வேலை மும்முரமாக நடைபெறும். வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ ஆகியவற்றைச் சேர்த்துப் போகியன்று வீட்டு முகப்பில் காப்புக் கட்டுவதற்குள் வீட்டைத் தூய்மைப்படுத்தி வண்ணம் பூசிவிட வேண்டும் என்பது கொங்கு நாட்டார் வழிவழியாகப் பேணிவரும் வழக்கம். ஆண்டுக்கு ஒருமுறை ஒட்டடை அடித்து, அட்டாலியில் அடைந்து கிடக்கும் பழம்பொருள்களை அகற்றி, சுவரையும் கூரையையும் புதுப்பிப்பது உடல்நலத்துக்கு உகந்த பழக்கமே.

ஆனால், வீட்டில் நோயாளி ஒருவர் இருக்கும்போது இந்த வேலையை எப்போது செய்வது, எந்த வரிசையில் செய்வது, யார் செய்வது என்பவற்றில் கவனம் தேவை. குறிப்பாக, நாம் ‘சீலிங்’ என்று சொல்லும் உட்கூரைக்கு வண்ணம் பூசும்போது இக்கவனம் இரட்டிப்பாக வேண்டும். சுவரைச் சுரண்டினால் தூசு தரையில் விழும். உட்கூரையைச் சுரண்டினால் அது அண்ணாந்து நிற்பவரின் முகத்திலும், கீழே கிடக்கும் படுக்கையிலும் விழும். இதை எனக்கு நன்கு உணர்த்திய ஒரு நிகழ்வை முதலில் கூறுகிறேன். குடும்பத்தின் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

ஒரு மகளின் கேள்வி

சில ஆண்டுகளுக்கு முன், கார்த்திகை மாத மழை நாளொன்றில், எழுபது வயதைக் கடந்த பெரியவர் ஒருவர் கடும் மூச்சுத் திணறலுடன் எங்கள் பிரிவில் அனுமதிக்கப்பட்டார். இளமை முதல் பீடி புகைத்தவர். பாக்கு மண்டியில் மூட்டை தூக்கியவர். நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் அவரைப் பல ஆண்டுகளாக வாட்டிவந்தது. ஒன்பது நாள் சிகிச்சைக்குப் பின் நன்கு தேறி வீடு திரும்பினார். மூன்றாம் நாள் இரவு, முன்னைவிட மோசமான நிலையில், அவசர ஊர்தியில் மீண்டும் கொண்டுவரப்பட்டார்.

புதிய கிருமித் தொற்றுக்கான அறிகுறி ஏதும் தென்படவில்லை. மருந்துகளையும் அவர் தவறாமல் எடுத்திருந்தார். அவர் சட்டையிலிருந்து மெல்லிய டர்பன்டைன் வாடை வீசுவதை முதலில் கவனித்தவர் செவிலியர்தான். மகளிடம் விசாரித்தபோது விவரம் தெரிந்தது. பெரியவரின் கட்டிலுக்கு நேர் மேலே உட்கூரையில் ஒரு பழுப்புக் கறை இருந்தது. படுத்த படுக்கையாக இருந்த நாள்களில் அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். “அந்தக் கறை நாளுக்கு நாள் வளருது அம்மிணி” என்று மகளிடம் பலமுறை சொல்லியிருக்கிறார். தந்தை மருத்துவமனையில் இருக்கும் நாள்களைப் பயன்படுத்திக்கொண்டு, மகள் ஆள் வைத்து உட்கூரையைச் சுரண்டி, பட்டி பார்த்து, கறை மறைய வேண்டும் என்று எண்ணெய் வண்ணம் இரண்டு கை பூசச் செய்துவிட்டார். பெரியவர் வீட்டுக்கு வந்த நாளில் வண்ணம் தொட்டால் ஒட்டாத அளவுக்கு உலர்ந்திருந்தது. வெளியே குளிர்காற்று வீசியதால் சன்னல்களை அடைத்துவிட்டு, அதே கட்டிலில் அவரைப் படுக்க வைத்தார்கள்.

“நான் பாசமாச் செஞ்சதே அப்பாவுக்கு வெனையாப் போச்சுங்களா, டாக்டர்?” என்று அந்த மகள் கேட்டார்.

அவருக்கு நான் சொன்ன விடையை இங்கும் பதிவு செய்கிறேன். தந்தையின் நுரையீரல் பல ஆண்டுப் புகையால் பழுதடைந்திருந்தது. அதற்கு மகள் பொறுப்பல்லர். புதுவண்ணத்தின் ஆவியும், அறையில் தங்கியிருந்த நுண்தூசும், அடைத்த சன்னலும் சேர்ந்து அந்த நுரையீரலைச் சுருங்கச் செய்திருக்க வாய்ப்பு மிகுதி. அது அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. வீடு திரும்பும் நாளன்று நாங்கள் மாத்திரைகளைப் பற்றிச் சொன்னோம். இன்ஹேலரை உறிஞ்சும் முறையைச் செய்து காட்டினோம். உணவைப் பற்றிச் சொன்னோம். அவர் எத்தகைய அறைக்குத் திரும்பப் போகிறார் என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை. அந்தக் குறை எங்களுடையது. அன்று முதல் அக்கேள்வியைக் கேட்காமல் நான் எந்த நோயாளியையும் வீட்டுக்கு அனுப்புவதில்லை.

கறை நோயன்று, அறிகுறி

மருத்துவத்தில் ஓர் அடிப்படைப் பாடம் உண்டு. மூன்று வாரமாக இருமுபவருக்கு இருமலை அடக்கும் மருந்தை மட்டும் கொடுத்து அனுப்பினால், உள்ளே இருக்கும் காசநோய் கண்டறியப்படாமலே வளரும். உட்கூரைக் கறையும் அந்த இருமலைப் போன்றதே. அதன் மேல் வண்ணம் பூசுவது அறிகுறியை மறைக்கும், காரணத்தை நீக்காது.

பழுப்பு வளையமாகத் தெரியும் கறை, மேலிருந்து நீர் இறங்குவதைக் காட்டுகிறது. மாவு பூத்தாற்போன்ற வெண்படலம், காரையில் உள்ள உப்புகளை நீர் கரைத்து வெளியே கொண்டுவந்திருப்பதைக் காட்டுகிறது. கருப்பு அல்லது கரும்பச்சைப் புள்ளிகள் பூசணம் பிடித்திருப்பதைக் காட்டுகின்றன. மொட்டை மாடியின் மழைநீர்க் குழாயை இலைச்சருகு அடைத்திருத்தல், கைப்பிடிச்சுவரும் தளமும் சேரும் இடத்தில் விரிசல், தட்டோடுகளுக்கு இடையே பூச்சு உதிர்ந்திருத்தல், தண்ணீர்த் தொட்டியின் கசிவு, மேல்மாடிக் குளியலறையின் கசிவு ஆகியவையே பெரும்பாலும் காரணங்கள். முதலில் அழைக்க வேண்டியவர் கொத்தனார். வண்ணம் பூசுபவர் அவருக்குப் பின்னரே வர வேண்டும்.

காரை உப்பியிருந்தாலும், பெயர்ந்து உள்ளே கம்பி தெரிந்தாலும் அது இன்னும் கடுமையான எச்சரிக்கை. நீர் பட்ட இரும்புக் கம்பி துருப்பிடிக்கும்போது பருமன் கூடுகிறது. அந்த அழுத்தத்தால் அதைச் சுற்றியுள்ள காங்கிரீட் வெடித்துப் பெயர்கிறது. அத்தகைய இடத்தில் பட்டி பார்த்து வண்ணம் பூசினால் எச்சரிக்கை மறைந்துவிடும், ஆபத்து மறையாது. எழுந்து ஓட இயலாத நோயாளியின் கட்டிலை அன்றே அவ்விடத்திலிருந்து நகர்த்திவிட்டுப் பொறியாளரிடம் காட்டுங்கள்.

ஓதம் ஏறிய வீடுகளைப் பற்றி உலக நலவாழ்வு அமைப்பு 2009இல் தனியாக ஒரு வழிகாட்டி நூலே வெளியிட்டது. ஈரமும் பூசணமும் உள்ள வீடுகளில் வாழ்வோருக்கு ஆஸ்துமாவும் பிற சுவாசக் கோளாறுகளும் கூடுதலாகக் காணப்படுகின்றன என்பது அதன் சாரம். பூசணத்தின் நுண்வித்துகள் காற்றில் மிதந்து மூச்சுக்குழாயை உறுத்துகின்றன. புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொள்பவர்கள், உறுப்பு மாற்று சிகிச்சை பெற்றவர்கள், நீண்ட காலம் ஸ்டீராய்டு உட்கொள்பவர்கள் ஆகியோருக்குச் சில வகைப் பூசணங்கள் நுரையீரலிலேயே தொற்றை உண்டாக்கவும் கூடும்.

பழைய வழக்கமும் புதிய பூச்சும்

நம் முன்னோர் பொங்கலுக்கு முன் வெள்ளையடித்தார்கள். அவர்களுக்கு நேராத தொல்லை நமக்கு மட்டும் ஏன் நேர வேண்டும் என்று சிலர் கேட்பதுண்டு. நியாயமான கேள்வி. விடை, பூசும் பொருளில் இருக்கிறது.

அவர்கள் பூசியது சுண்ணாம்பு. கோவைக்கு அருகே மதுக்கரையில் கிடைக்கும் சுண்ணாம்புக்கல் போன்றவற்றைக் காளவாயில் சுட்டு எடுப்பார்கள். கோவை குனியமுத்தூரை ஒட்டிச் சுண்ணாம்புக் காளவாய் என்ற பெயரிலேயே ஒரு பகுதி இன்றும் இருக்கிறது. சுட்ட சுண்ணாம்பை நீரில் இட்டால் கொதித்து நீறும். அதைக் கரைத்து வடிகட்டி, சிறிது நீலம் சேர்த்து, நார் மட்டையால் பூசுவார்கள். அது காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று மெல்ல மீண்டும் சுண்ணாம்புக்கல்லாகவே இறுகுகிறது. நுண்துளைகள் நிறைந்த அந்தப் பூச்சின் வழியே சுவரின் ஈரம் ஆவியாக வெளியேறிவிடும். அதன் காரத்தன்மையில் பூசணமும் எளிதில் வளராது. ஆகவே, மழைக்காலம் முடிந்த உடனே வெள்ளையடிப்பது அந்தப் பொருளுக்குப் பொருந்திய காலக்கணக்காக இருந்தது.

இன்று நாம் பூசும் எண்ணெய் வண்ணமும், பளபளப்பான எமல்ஷனும் மெல்லிய உறையாகப் படிபவை. ஈரம் வெளியேறும் வழியை அவை அடைக்கின்றன. அடைபட்ட ஈரம் சில மாதங்களில் பூச்சைக் கொப்புளமாக எழுப்பி உரிக்கிறது. மேட்டுப்பாளையம் நீலகிரியின் அடிவாரத்தில், பவானிக் கரையில் அமைந்த ஊர். இங்கு ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வடகிழக்குப் பருவமழை நன்கு பெய்யும். அதன் பின் மார்கழிப் பனி. மழை ஓய்ந்ததற்கும் போகிக்கும் இடையே கிடைப்பவை சில வாரங்களே. மழை முழுவதையும் குடித்த ஒரு கூரை அதற்குள் உலர்ந்துவிடும் என்று எதிர்பார்க்க முடியாது.

ஆகவே, கறை படிந்த உட்கூரை உள்ள வீட்டாருக்கு நான் சொல்வது இதுதான். பொங்கலுக்கு ஒட்டடை அடித்துத் தூய்மை செய்யுங்கள், காப்புக் கட்டுங்கள், உலர்ந்த சுவர்களுக்கு வேண்டுமானால் வண்ணம் பூசுங்கள். கறை படிந்த உட்கூரையை மாசி, பங்குனி வரை விட்டுவையுங்கள். அதற்குள் கசிவை அடைத்து, வெயில் காயவிடுங்கள். உலர்ந்துவிட்டதா என்பதை அறிய எளிய வழி ஒன்று உண்டு. ஒன்றரை அடிச் சதுரமான பாலித்தீன் தாளை நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் உட்கூரையில் ஒட்டி, ஒரு முழு நாள் கழித்துப் பாருங்கள். தாளின் உட்புறம் நீர் கோத்திருந்தாலோ, பூச்சு நிறம் கறுத்திருந்தாலோ உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது என்று பொருள்.

சுரண்டும்போது எழும் தூசு

வண்ணம் பூசுவதைவிடப் பழைய வண்ணத்தைச் சுரண்டுவதே நுரையீரலுக்குப் பெரும் சோதனை. உப்புத்தாளால் தேய்க்கும்போது எழும் தூசில் கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்கள் பல மணி நேரம் காற்றில் மிதக்கும். சுரண்டுவதற்கு முன் பரப்பில் நீர் தெளித்து நனைத்துக்கொள்வது முதல் பாதுகாப்பு. தலைக்கு மேல் வேலை நடக்கும்போது முகத்தில் கட்டிய கைக்குட்டையும் துண்டும் நுண்துகளைத் தடுப்பதில்லை; முகத்தோடு பொருந்தும் என்-95 முகக்கவசம் வேண்டும். வேலை முடிந்ததும் விளக்குமாற்றால் பெருக்கினால் தூசு மீண்டும் எழும். ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

பழைய எண்ணெய் வண்ணங்களில் ஈயம் கலந்திருக்கக்கூடும். வீட்டு வண்ணப்பூச்சுகளில் 10 லட்சம் பங்குக்கு 90 பங்குக்கு மேல் ஈயம் இருக்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2016இல் அறிவிக்கப்பட்டு, 2017 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் பூசப்பட்டவற்றை, குறிப்பாக ஓட்டு வீடுகளின் உத்தரம், கைமரம், சட்டம் ஆகியவற்றின் மேலுள்ள பழைய எண்ணெய்ப் பூச்சை, ஈயம் உள்ளதாகவே கருதிக் கையாள்வது நல்லது. ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை. அது குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கிறது; கருவிலுள்ள சிசுவையும் எட்டுகிறது. ஆகவே, சுரண்டும் நாள்களில் குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்த வீட்டில் இருக்கவே கூடாது.

சிமெண்ட் அட்டை வேய்ந்த வீடுகளுக்கு ஒரு தனி எச்சரிக்கை. அந்த அட்டைகளில் பெரும்பாலானவற்றில் ஆஸ்பெஸ்டாஸ் நார் கலந்திருக்கிறது. அட்டை உடையாமல் இருக்கும்வரை நார் பெரிதும் அதற்குள்ளேயே அடங்கியிருக்கும். கம்பித் தூரிகையால் தேய்த்தாலோ, உப்புத்தாள் போட்டாலோ, துளையிட்டாலோ அது காற்றில் கலக்கும். நுரையீரலில் படிந்த அந்த நார், இருபது முப்பது ஆண்டுகள் கழித்துக்கூடப் புற்றுநோயாக வெளிப்படலாம். எனவே, அட்டையின் உட்புறத்தைச் சுரண்டாதீர்கள். பூச வேண்டுமானால் ஈரத்துணியால் மென்மையாக ஒற்றியெடுத்துவிட்டு அப்படியே பூசுங்கள். வெப்பம் குறைய மேற்புறம் வெள்ளை பூசுவோர், அட்டையின் மேல் நேரடியாகக் கால் வைக்கக் கூடாது. உடைந்த அட்டையோடு கீழே விழுந்து முதுகெலும்பு முறிந்து வருவோரை எலும்பு சிகிச்சைப் பிரிவில் காண்கிறோம்.

சிறிய பரப்பில், ஏறத்தாழ 3 அடிக்கு 3 அடிக்குள், பூசணம் இருந்தால் சோப்பு நீரில் நனைத்த துணியால் துடைத்துக் காயவிடலாம். உலர்ந்த நிலையில் தேய்க்கக் கூடாது. அதைவிடப் பெரிய பரப்பென்றால் நோயாளியை வேறிடத்துக்கு மாற்றிவிட்டுத் தொழிலாளரைக் கொண்டு செய்யுங்கள். பிளீச்சிங் பவுடர் கரைசலுடன் கழிவறை ஆசிடை ஒருபோதும் சேர்க்காதீர்கள். அதிலிருந்து எழும் குளோரின் வாயு நலமுள்ளவரையே மூச்சுத் திணறச் செய்யும்.

கண்ணில் விழுந்த சுண்ணாம்பு

சுண்ணாம்பு நுரையீரலுக்குத் தீங்கு குறைந்தது, கண்ணுக்கு அப்படியன்று. அண்ணாந்து உட்கூரைக்குப் பூசும்போது ஒரு துளி கண்ணில் விழுந்தால், அதன் கடுங்காரம் கருவிழியைக் கரைத்து உள்ளே ஊடுருவும். அமிலத்தைவிடக் காரம் கண்ணுக்குள் ஆழமாகச் செல்லும். பாக்கு வாணிகம் நடக்கும் நம் ஊரில் வெற்றிலைச் சுண்ணாம்புப் பொட்டலம் இல்லாத கடை அரிது. அந்தப் பொட்டலத்தைப் பிதுக்கி விளையாடும் குழந்தைகளுக்கும் இதே விபத்து நேர்கிறது.

உடனே செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: தண்ணீர். குழாயின் கீழோ, சொம்பால் ஊற்றியோ, இமைகளை விரித்துப் பிடித்து, இடைவிடாமல் அரைமணி நேரம் கண்ணைக் கழுவுங்கள். இமைக்குள் ஒட்டியுள்ள சுண்ணாம்புத் துணுக்கை நனைத்த தூய துணி முனையால் அகற்றுங்கள். தாய்ப்பால், விளக்கெண்ணெய், எலுமிச்சைச் சாறு என எதையும் விடாதீர்கள். கண்ணைக் கசக்காதீர்கள். நன்கு கழுவிய பின் தாமதமின்றிக் கண் மருத்துவரிடம் செல்லுங்கள். கழுவாமல் மருத்துவமனைக்கு ஓடி வரும் இருபது நிமிடத்தில் பார்வை போய்விடலாம். பூசுபவர் பக்கவாட்டிலும் மூடிய கண்ணாடி அணிந்தால் இத்தனையும் தேவைப்படாது.

வாடை போனால் போதுமா?

எண்ணெய் வண்ணத்தில் கலக்கும் டர்பன்டைன், தின்னர் போன்ற கரைப்பான்கள் அறை வெப்பத்திலேயே ஆவியாகின்றன. அந்த ஆவி மூக்கையும் தொண்டையையும் உறுத்தும். தலைவலியும் குமட்டலும் தரும். ஆஸ்துமா உள்ளவரின் மூச்சுக்குழாயைச் சுருங்கச் செய்யும். நீர் கலந்து பூசும் எமல்ஷனில் இவை குறைவு. ஆயினும் முற்றிலும் இல்லை என்று கூற முடியாது. நோயாளியின் அறைக்கு நீர் சார்ந்த, வாடை குறைந்த வண்ணத்தையே தேர்ந்தெடுங்கள்.

நம் மூக்கு ஒரு வாடைக்கு விரைவில் பழகிவிடும். ஆகவே, வாடை தெரியவில்லை என்பதை மட்டும் அளவுகோலாகக் கொள்ளாதீர்கள். எமல்ஷன் பூசிய அறையில் குறைந்தது 3 நாள், எண்ணெய் வண்ணம் பூசிய அறையில் குறைந்தது ஒரு வாரம், சன்னல்களைத் திறந்து மின்விசிறியை ஓடவிட்ட பிறகே நுரையீரல் நோயாளியைப் படுக்க வைக்குமாறு நான் அறிவுறுத்துகிறேன். காற்றோட்டம் குறைந்த அறையென்றால் அதைவிடக் கூடுதல் நாள்கள் தேவைப்படும். வாடையை மறைக்கச் சாம்பிராணி, ஊதுவத்தி, கற்பூரம் ஏற்றுவது ஒரு புகையோடு இன்னொரு புகையைச் சேர்ப்பதாகும்.

வீட்டில் ஆக்சிஜன் பயன்படுத்துவோர் கூடுதல் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். ஆக்சிஜன் தானாக எரியாது. ஆனால், எரியும் எதையும் பன்மடங்கு வேகத்தில் எரியச் செய்யும். தின்னர் ஆவி நிறைந்த அறையில் சிலிண்டரையோ ஆக்சிஜன் செறிவூட்டியையோ இயக்கக் கூடாது. எண்ணெய் வண்ணம் துடைத்த துணிகளைக் குவித்து வைக்காமல் வெளியே விரித்துக் காயவிடுங்கள்.

ஏணியில் யார் ஏறக் கூடாது?

கூலி மிச்சமாகட்டும் என்று வீட்டுத் தலைவரே மேசை மேல் முக்காலியைப் போட்டு ஏறிப் பூசுவதுண்டு. கைகளைத் தலைக்கு மேல் தூக்கி வேலை செய்யும்போது, அதே வேலையை இடுப்பளவில் செய்வதைவிட நாடித்துடிப்பும் இரத்த அழுத்தமும் கூடுதலாக உயர்கின்றன. அண்மையில் மாரடைப்புக்குச் சிகிச்சை பெற்றவர்களுக்கும், நெஞ்சுவலி உள்ளவர்களுக்கும் இது உகந்த வேலையன்று. அண்ணாந்து பார்க்கும்போது உட்காதிலுள்ள நுண்படிகங்கள் இடம்பெயர்ந்திருந்தால் அறையே சுழல்வதுபோல் தலைசுற்றும்; ஏணி மீது அச்சுற்றல் வந்தால் பிடிமானம் போய்விடும். இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுவோருக்குத் திடீரென்று அழுத்தம் குறையலாம். இன்சுலின் போட்டுக்கொண்டு உணவைத் தள்ளிப்போட்டு வேலை செய்வோருக்குச் சர்க்கரை தாழலாம்.

இரத்தம் உறையாமலிருக்க மருந்து உட்கொள்வோர் தலை அடிபட விழுந்தால், எழுந்து நன்றாக நடந்தாலும், உடனே மருத்துவமனைக்கு வர வேண்டும். மண்டைக்குள் கசியும் இரத்தம் சில மணி நேரம் கழித்துத்தான் தன்னைக் காட்டிக்கொள்ளும்.

நலமாக இருப்பவருக்கும் இந்த வேலை எளிதன்று. ரோமில் சிஸ்டைன் தேவாலயத்தின் உட்கூரையில் மைக்கலாஞ்சலோ 1508 முதல் 1512 வரை ஓவியம் தீட்டினார். சாரத்தின் மேல் நின்று, தலையைப் பின்னுக்குச் சாய்த்தபடி தீட்டியதால் தம் உடல் பட்ட பாட்டை அவர் ஒரு கவிதையாகவே எழுதி நண்பருக்கு அனுப்பினார். அப்போது அவருக்கு முப்பத்து சொச்சம் வயதுதான். அறுபதைக் கடந்த கழுத்தெலும்பைப் பற்றி நான் தனியே சொல்ல வேண்டியதில்லை.

வேலை செய்ய வரும் தொழிலாளியையும் நாம் மறந்துவிடக் கூடாது. வண்ணம் பூசும் தொழிலையே புற்றுநோய்க்குக் காரணமாகும் பணிச்சூழல்களுள் ஒன்றாகப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1989இல் வகைப்படுத்தியது. நமக்கு ஒரு வாரத் தூசு. அவருக்கு ஆண்டு முழுவதும் அதே தூசு. அவருக்கும் முகக்கவசமும் கண்ணாடியும் நீங்களே வாங்கிக் கொடுங்கள். மின்விசிறிக்கு அருகில் வேலை தொடங்கும் முன் மெயின் சுவிட்சை அணையுங்கள். ஏணியை ஒருவர் பிடித்துக்கொள்ளுங்கள்.

படுக்கையிலிருந்து பார்க்கும்போது

இத்தனை எச்சரிக்கைகளைப் படித்தபின், உட்கூரையை அப்படியே விட்டுவிடுவதே நல்லது என்று எண்ணிவிட வேண்டாம். நடமாடும் நமக்கு உட்கூரை கண்ணில் படுவதில்லை. படுத்திருப்பவருக்கு நாள் முழுவதும் கண்ணெதிரே இருப்பது அதுதான். ஒரே சுவரையும் ஒரே கூரையையும் நெடுநாள் பார்த்துக் கிடப்பது நோயாளியின் மனத்தை எவ்வளவு வருத்தும் என்பதை, செவிலியர் பணியின் முன்னோடி பிளாரன்ஸ் நைட்டிங்கேல் 1859இல் வெளிவந்த தம் செவிலிக் குறிப்புகள் நூலில் எடுத்துரைத்தார். நம் நாட்டிலும் புதுக்கோட்டை மாவட்டத்துச் சித்தன்னவாசல் குடைவரையின் உட்கூரையில் தாமரைக்குளமும் மீன்களும் மலர் பறிப்போருமாகத் தீட்டிய ஓவியம், ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக அண்ணாந்து பார்ப்பவரின் கண்ணுக்கு விருந்தாக இருந்துவருகிறது.

முதியவர்களுக்குக் காய்ச்சலிலோ கடும் நோயிலோ மனக்குழப்பம் ஏற்படும்போது, கூரைக் கறை பூச்சியாகவோ முகமாகவோ தோன்றி அச்சுறுத்துவதுண்டு. அவர்கள் அப்படிச் சொன்னால் கேலி செய்யாமல் மருத்துவரிடம் தெரிவியுங்கள். கறையற்ற, பளபளப்பில்லாத, வெண்மையோ இளந்தந்த நிறமோ கொண்ட உட்கூரை நோயாளிக்கு இதமானது. அது பகலொளியை அறை முழுவதும் பரப்பும். கண்ணைக் கூசச் செய்யாது. ஆகவே, அந்த மகளின் எண்ணம் சரியானதே. வேலையின் வரிசைதான் பிசகிவிட்டது.

நினைவில் வைக்க

1. கறை எங்கிருந்து வருகிறது என்று கண்டறியுங்கள். கசிவை அடையுங்கள்.
2. உலர விடுங்கள். பாலித்தீன் தாள் கொண்டு சோதியுங்கள்.
3. வேலை தொடங்கும் முன் நோயாளி, குழந்தை, கர்ப்பிணி ஆகியோரை உறவினர் வீட்டுக்கு அனுப்புங்கள். படுக்கை, போர்வை, இன்ஹேலர், நெபுலைசர் ஆகியவற்றை அறையிலிருந்து அகற்றுங்கள்.
4. நனைத்துச் சுரண்டுங்கள். ஈரத்துணியால் துடையுங்கள்.
5. நீர் சார்ந்த வண்ணம் பூசுங்கள். சன்னல்களைத் திறந்து வையுங்கள்.
6. உரிய நாள்கள் கழிந்த பின்பே நோயாளியை அழைத்து வாருங்கள். திரும்பிய பின் இருமல், இழுப்பு, மூச்சிரைப்பு கூடினால் உடனே அறையை மாற்றி மருத்துவரை அணுகுங்கள்.

அந்தப் பெரியவர் இரண்டாம் முறை பன்னிரண்டு நாள் கழித்து வீடு திரும்பினார். இம்முறை தம் தங்கை வீட்டுக்குச் சென்றார். மகள் கொத்தனாரை அழைத்து மொட்டை மாடியைப் பார்க்கச் செய்தபோது, வேப்பஞ்சருகு அடைத்து மழைநீர்க் குழாய் நெடுநாளாக மூடிக்கிடந்தது தெரியவந்தது. இரண்டு கை எண்ணெய் வண்ணத்தின் ஓரத்தில் பழைய கறை அதற்குள்ளாகவே மீண்டும் எட்டிப் பார்த்திருந்தது. குழாயைச் சீராக்கி, விரிசலை அடைத்து, வெயிலில் காயவிட்டு, பங்குனியில் உட்கூரைக்கு வெள்ளை எமல்ஷன் பூசினார்கள். ஒரு வாரம் கழித்துத்தான் தந்தையை அழைத்து வந்தார்கள்.

அடுத்த பரிசோதனைக்கு வந்தபோது, தூக்கம் எப்படி இருக்கிறது என்று பெரியவரிடம் கேட்டேன். “நல்லாத் தூங்கறனுங்க. மேல பாக்கறதுக்கு இப்ப ஒண்ணுமில்லீங்க” என்றார். மகள் சிரித்தார். ஆனி மழைக்கு முன் குழாயை ஒருமுறை பார்த்துவிடுங்கள் என்று அவரிடம் நினைவூட்டி, மருந்துச் சீட்டை எழுதிக் கொடுத்தேன்.